மீன் தொட்டியில் வேப்பிலை

மீன் தொட்டிக்குள் வேப்பிலைக் கொத்தைச் செருகி வைத்த குடும்பம் அறந்தாங்கியிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அண்ணன் மகள் அழுதால் வேடிக்கை காட்ட மதினி வாங்கிய தொட்டி அது. உள்ளே மூன்று தங்கமீன்கள். அவற்றில் இரண்டுக்குச் செவுள் மூடியில் வெள்ளையாகப் பொரிப்பொரியாகக் கிளம்பியதும், அம்மைதான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். மதினி நர்ஸ். அவர் சொல்லியும் அம்மா கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அந்த இரண்டும் மூன்றாவதை விடாமல் துரத்தின. வயிற்றில் முட்டி முட்டி வேப்பிலைக்குள் தள்ளின. சீக்காளிகளுக்கு இவ்வளவு ரவுடித்தனமா என்று சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் இலையெல்லாம் ஜவ்வரிசியைவிடச் சின்னதாக முட்டைகள் ஒட்டியிருந்தன. வந்தது அம்மையில்லை, இணை சேரும் காலத்தில் ஆண் மீனுக்கு அப்படிப் புள்ளி வரும் என்று மீன் கடைக்காரர் போனில் சொன்னார். வேப்பிலை வீண் போகவில்லை என்று அம்மாவுக்குப் பெருமை. அந்தப் பெருமை கால் மணி நேரம் நிற்கவில்லை. மூன்றும் இலையை மேய ஆரம்பித்தன. முட்டையிட்டதே முன்னால் நின்று தின்றது. "பெத்ததையே திங்குதே, இதெல்லாம் ஒரு தாயா?" என்றாள் அம்மா.

இடுப்பில் ஏழு மாதப் பிள்ளையோடு நின்றிருந்த மதினி, பிள்ளையை என் கையில் கொடுத்தார். கொத்தை உருவி, மிச்சமிருந்த முட்டைகளோடு வாளித் தண்ணீரில் போட்டார். வாளியைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்குக் குவைத் விசா வந்துருச்சு. பதினஞ்சு நாள்ல கெளம்பணும். பிள்ளைய நீ பாத்துக்குவியா?"

பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தலையாட்டினேன். அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது, எங்களிடம் சொல்லத்தான் தைரியமில்லை. பிள்ளை முகம் பார்க்காமலே விமானம் ஏறிய அப்பன்கள் எங்கள் தெருவில் எத்தனையோ பேர். அவர்களை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. மதினியை மட்டும் கிளம்பும் நாள்வரை எல்லோரும் கேட்டார்கள்.

இப்போது பிள்ளைக்கு இரண்டரை வயது. போன வாரம் வீடியோ காலில் மதினி கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே அவள் போனைத் தள்ளிவிட்டு, என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சோறு" என்றாள். திரையில் மதினி முகம் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். கண் இமைத்தது. பிள்ளை என்னை அப்படிக் கூப்பிட ஆரம்பித்து ஒரு வருடமாகிறது. அத்தை என்று சொல்லு என ஒரு நாளும் நான் திருத்தியதில்லை. மதினி அதைக் கேட்டுவிட்ட அந்த நொடியிலும் எனக்குள் வந்தது சந்தோஷம்தான். நினைத்தால் இப்போதும் தூக்கிவாரிப் போடுகிறது.