பானைக்குள் முகத்துவாரம்

தம்பி ஜோசப், உன் கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை என்று இன்னும் எத்தனை தடவை கத்துவாய்? பொய் என்று நான் எங்கே சொன்னேன்?

நண்பர்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

இன்று காலை டலா ஊர் ஆற்றங்கரையில் கீரைத் தோட்டக்காரி டோ மியா மதகுப் பலகையைத் தூக்க நின்றார். உள்ளே வரும் ஆற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் கீரை முழுக்கக் கருகிவிடும்.

நம் ஜோசப் முகத்துவாரத்து நீரைக் கம்ப்யூட்டரில் கணிப்பவன். ஆற்றில் ஒரு கருவியை மிதக்கவிட்டிருக்கிறான். அது அளப்பதைத் திரை அந்த நிமிஷமே காட்டும்.

“நல்ல தண்ணிதான். தைரியமாத் திறங்க, டோ மியா!”

நான் விரலை ஆற்றில் நனைத்து நக்கினேன்.

“தம்பி, கருவாட்டுக் குழம்பு மாதிரி கரிக்குது.”

“அங்கிள், உங்க நாக்கு பழசு.”

டோ மியா பலகையைத் தூக்காமல் விட்டுவிட்டார். கருவி எங்கே என்று படகோட்டி கோ மின்னிடம் கேட்டோம். வழிப்போக்கர்கள் குடிக்கக் கரையில் வைத்திருக்கும் தண்ணீர்ப் பானையைக் காட்டினார்.

“படகு இடிச்சு உடைஞ்சிடும்னு எடுத்து இதுல போட்டேன். தண்ணிய விட்டு வெளியே வைக்காதேன்னு ஜோசப்தானே சொன்னாரு?”

கீரை பிழைத்தது.

“தம்பி, நீர்மட்டம் இறங்குதுன்னும் உன் பொட்டி சொல்லிச்சே, அதுவும் சரிதான். வெயிலுக்கு ஆளுங்க குடிக்கிறாங்கல்ல? இனி கோ மின் குடத்தோட வந்து பானைய நிரப்பினா...”

இதோ, ஜோசப் லாப்டாப்பை மடக்கிக்கொண்டு என் பேச்சின் பாதியிலேயே எழுந்து போய்விட்டான்.

பானையில் அடுத்த கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.