மூன்றாம் குருவின் வீட்டுக்காரி

சாமியாருக்குப் பெண்டாட்டி இருந்துவிட்டால் வரலாறு எழுதுகிறவர்களுக்குச் சங்கடம். “இல்லறம் துறந்தார்” என்று ஒரு வரி எழுதிவிட்டு மலைக்கோ குகைக்கோ போய்விடுவார்கள். துறக்கப்பட்ட இல்லறம் மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போனதா என்று யாரும் கேட்பதில்லை. சந்திரமதி அக்கா போனார். ஆங் மோ கியோவில் எம்ஆர்டி ரயில் ஏறி, தேக்காவில் பஃபலோ ரோட்டுப் பூக்கடைக்கு. இன்றும் அங்கேதான் மாலை கட்டிக்கொண்டிருக்கிறார். நானும் அதே கடைதான்.

அவருடைய வீட்டுக்காரர் பரமசிவம் கப்பல் பட்டறையில் வெல்டர். வேலை விட்டால் வீராசாமி ரோட்டில், ஒரு கடைவீட்டு மாடியிலிருக்கும் சின்ன மடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். அந்த மடத்தின் குருமார் கதை கேட்க நன்றாக இருக்கும். முதல் குரு ஓட்டுச்சாமி. ராமநாதபுரம் பக்கம், உடைந்த பானை ஓட்டில் சோறு வாங்கித் தின்றவர். அவருடைய சீடர் கப்பல்சாமி. கப்பலில் சமையலாளாக வந்து இங்கே இறங்கியவர், மறுபடி ஏறவில்லை. அவரைப் போலீஸ் தேடியது என்று சிலர் சொல்வார்கள், கடவுள் தேடினார் என்று சிலர். எனக்கு இரண்டுமே நம்புகிற மாதிரிதான் இருக்கிறது.

கப்பல்சாமி கண்ணை மூடுவதற்கு முன், ஓட்டுச்சாமியின் மரப்பாதுகையை யாருக்குக் கொடுப்பார் என்று பெரிய பெரிய ஆட்கள் சுற்றி நின்றார்கள். அவர் வெல்டரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். சிலருக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பரமசிவம் காவி வாங்கினார். சந்நியாசம் வாங்குகிறவர் தன் கருமாதியைத் தானே செய்துகொள்ள வேண்டும். பாசிர் ரிஸ் கடற்கரையில், கோழி சுட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, தன் பேருக்குத் தானே பிண்டம் வைத்தார். அக்கா ஓரமாக நின்று பார்த்தார். பிறகு ஐயரிடம் போய், தன் தாலியை என்ன செய்வது என்று கேட்டார். “பெரியவாளைக் கேட்டுச் சொல்றேம்மா” என்றார் ஐயர். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். தாலி கழுத்திலேயே இருக்கிறது.

ஓட்டுச்சாமியின் சமாதியைப் பார்க்கப் பரமசிவ சுவாமி ஊருக்குக் கிளம்பினார். போகிற வழியில் பழைய வீட்டுக்கு வந்து, “இத வச்சிரு, வந்து வாங்கிக்கிறேன்” என்று பாதுகையை அக்காவிடம் கொடுத்தார். அவ்வளவுதான். தேடிப் போனவர்கள் ராமநாதபுரம் வெயிலில் கறுத்துத் திரும்பினார்கள். ஆள் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

ஆனால் வியாழக்கிழமைகளில் அவர் வீட்டுக்கு வருகிறார் என்று அக்கா சொல்வார். அன்று மத்தியானமே கடையிலிருந்து கிளம்பிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுக்கும் கண்மணிக்கு வாய் சும்மா இருக்காது.

“சாமி வந்தா சந்தன வாசம்தான வரும்? எங்க வீட்டுல ஒரு நாளும் வந்ததில்லையே.”

“உங்க சாமிக்கு சந்தனம். எங்க வீட்டுக்காரருக்கு இரும்பு கருகுற வாசனை லா.”

இந்த மாதிரி விஷயத்தைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை கண்மணி. ஒரு வியாழக்கிழமை அக்காவோடு வீட்டுக்குப் போனாள். கூடத்தில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பட்டறை வாசலில் நிற்கிற மாதிரி ஒரு நெடி. மேலே ஃபேன் மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. சுவிட்ச் பக்கம் யாருமில்லை. அக்கா தலையைக்கூடத் தூக்காமல், “குளிருதுன்னா சட்டையப் போட்டுக்கங்க. ஃபேனைக் கொறைச்சா வந்தவங்களுக்கு வேர்க்காதா?” என்றார். கண்மணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினாள். ஓடியதை அவளே சொன்னாள். அதனால்தான் நம்பினேன்.

போன வருஷம் மடத்துச் செயலாளர் ஜெய் பூக்கடைக்கு வந்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நல்ல பையன், பக்தி கொஞ்சம் அதிகம். மடத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. குருபூசையில் மறைந்த குருமார் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் போற்றுவார்கள். புதிய பெயர் ஒன்று சேர வேண்டுமென்றால், பாதுகை யார் கையில் இருக்கிறதோ அவர் அதைப் பீடத்தில் வைத்து, அந்தப் பெயரை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதைக் கூட்டம் திருப்பிச் சொல்லும். அப்படியே கப்பல்சாமி பெயரைப் பரமசிவம் சொன்னார். பரமசிவம் பெயரைச் சொல்ல இனி அக்காதான்.

அக்கா இதுவரை அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. கிளினிக்கில் வீட்டுக்காரர் பேரைக் கேட்டால்கூட அவருடைய ஐசி அட்டையை எடுத்து நீட்டுகிற ஆள்.

“அவரு வந்து வாங்கிக்கிறேன்னாரு, தம்பி.”

“பன்னெண்டு வருஷம் ஆயிருச்சும்மா. அதுக்கு மேல தகவல் இல்லன்னா மறைஞ்சதாத்தான் வச்சுக்கணும். சாஸ்திரம் அப்படி.”

“வாராவாரம் வர்றாரே.”

“எங்க?”

“வீட்டுக்கு. வேற எங்க போவாரு?”

ஜெய் ரோஜா வாளியைத் தள்ளி வைத்துவிட்டுக் கிட்டே வந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “அப்பன்னா சாமிக்குப் போற வழி கிடைக்கலம்மா. பேரச் சேத்தாத்தான் குருமாரோட போய்ச் சேருவாரு. நீங்க புடிச்சு வச்சிருக்கீங்க.”

அந்தச் சொல் அக்காவைப் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு அவர் கை நார் முடியும், நிற்கும், முடியும், நிற்கும். ஒரு நாள் கேட்டார்: “நானா புடிச்சு வச்சிருக்கேன், கண்மணி? நான் வர வேணாம்னு சொல்லாததாலதான் அவரு நடுவுல நிக்கிறாரா?”

கண்மணி பாதி கட்டிய சரத்தை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தாள்.

அக்கா ஒப்புக்கொண்டார். குருபூசையன்று மாடி நிறையக் கூட்டம். அன்னதானத்துக்காக நானும் போயிருந்தேன், மறைக்க ஒன்றுமில்லை. அக்கா பாதுகையைப் பீடத்தில் வைத்தார். ஓட்டுச்சாமி போற்றி ஆயிற்று. கப்பல்சாமி போற்றி ஆயிற்று. எல்லோரும் அக்கா வாயைப் பார்த்தார்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“பரமசிவ சுவாமிகள்னு சொல்லுங்கம்மா,” என்று ஜெய் காதருகே குனிந்தான்.

அக்கா பாதுகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, “என்னங்க” என்றார்.

கூட்டத்துக்குத் திருப்பிச் சொல்லித்தான் பழக்கம். நகைக்கடைக்காரர், வக்கீல், டீச்சரம்மா எல்லோரும் ஒரே குரலில், “என்னங்க” என்றார்கள்.

வேறு நாளாயிருந்தால் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஃபேன்கள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தன. கற்பூரத்துக்கு மேலே வேறொரு நெடி ஏறியது.

“பிளக்கைப் பாருங்க, என்னமோ கருகுது,” என்றான் ஜெய். அவனிடம் யாரும் இரும்பு வாசனையைப் பற்றிச் சொன்னதில்லை. பிளக் எதுவும் கருகவில்லை. பின்வரிசையில் யாரோ அழ ஆரம்பித்தார்கள்.

அக்கா மட்டும் ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“என்ன வாசனை? எனக்கு ஒண்ணும் வரலையே,” என்றார்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் ஃபேன் வைத்த வேகத்திலேயே ஓடுகிறது. கண்மணி இரண்டு வியாழக்கிழமை வேலை மெனக்கெட்டுப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றுமில்லை. மடத்திலோ வியாழக்கிழமையானால் மாடிப்படி வரை கூட்டம். மூன்றாவது பெயரைச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. சொல்லாமலே வருகிறவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? பாதுகை பீடத்திலேயே இருக்கிறது. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுகிற கூட்டத்தில், அக்கா கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கற்பூர வாசனை மட்டும்தான் வருகிறதாம்.

நேற்றுக் கடையில் கண்மணி கேட்டேவிட்டாள்: “ஒண்ணும் தெரியலங்கிறீங்க. பெறகு எதுக்குக்கா வாராவாரம் அங்க போயி உக்காந்திருக்கீங்க?”

அக்கா நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“நான் வரலன்னா அவரு தேடுவாரு லா.”