டேங்கில் ஊற்றித் திருடியவன்

பெரியதாழையில் பிறந்த ஆண்பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ஊர் அதை ஒரு நோயாகக்கூட மதிக்காது. நடிக்கிறான் என்றுதான் சொல்லும். இஞ்ஞாசியையும் அப்படித்தான் சொன்னது. பதினாறு வயதில் அப்பாவோடு வள்ளத்தில் போனவன் கரை கண்ணுக்கு மறைவதற்குள் குடலைக் கக்கினான். ஏழு நாள் போனான். ஏழு நாளும் கக்கினான். எட்டாம் நாள் அப்பாவே, "நீ மீன் பிடிக்க வாரியா, மீனுக்குச் சோறு போட வாரியா?" என்று கேட்டு இறக்கிவிட்டார்.

கரையேறியவன் நேராக லாரியில் ஏறினான். கிளீனராக ஆறு வருஷம், டிப்பரில் எட்டு வருஷம், அப்புறம் கன்டெய்னர் டிரெய்லர். இப்போது வயது ஐம்பத்திரண்டு. தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து மதுரை, திருப்பூர் என்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டு வருகிற செவ்வந்தி லாஜிஸ்டிக்ஸில் மொத்தம் பன்னிரண்டு டிரெய்லர். பதினோரு டிரைவர்களும் ஓர் இஞ்ஞாசியும் என்று பிரித்துச் சொல்வது வழக்கம். அப்படிச் சொல்லக் காரணம் டீசல்.

முன்பெல்லாம் முதலாளி ஜெயசிங் அண்ணாச்சி டீசலுக்குக் கையில் பணம் கொடுத்தார். டிரைவர்மார் பெட்ரோல் பங்க்கில் எண் எழுதாத பில்லாக வாங்கி, தங்களுக்குப் பிடித்த எண்ணைத் தங்கள் கையாலேயே எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கூட எண் எழுதக் கற்றுக்கொண்ட பொற்காலம் அது. பிறகு கார்டு வந்தது. வண்டிக்கு ஒரு கார்டு, கார்டுக்கு ஒரு ரகசிய எண். நாசரேத்திலிருந்து உபதேசியாரை வரவழைத்து ஜெபம் பண்ணி, ஆளுக்கு ரெண்டு வடை கொடுத்து, அண்ணாச்சி கார்டுகளை விநியோகித்தார்.

"இனிமே ஒரு சொட்டு வெளிய போவாது, பாத்துக்கிடுங்க" என்றார்.

ஒன்பது நாள் போகவில்லை. பத்தாம் நாள், அந்தப் பதினோரு பேரில் ஒருவனான செல்லப்பாண்டி வழி கண்டுபிடித்தான். பங்கில் நூறு லிட்டருக்குக் கார்டைத் தேய்ப்பது, டேங்கில் தொண்ணூறு மட்டும் ஊற்றுவது, மீதிப் பத்து லிட்டருக்கான காசைப் பங்க்காரனின் கமிஷன் போகக் கையில் வாங்கிக்கொள்வது. இதற்குச் செல்லப்பாண்டி வைத்த பெயர் தசமபாகம். "பத்துல ஒண்ணு. மொதலாளி சபைக்குக் குடுக்காவ, நமக்கும் குடுக்காவ. ரெண்டும் புண்ணியக் கணக்குதான்" என்பான்.

இஞ்ஞாசியும் ஒரே ஒரு தடவை தசமபாகம் வாங்கினான். அன்றைக்குப் பார்த்து ஆபீஸிலிருந்து போன். எவ்வளவு டீசல் போட்டீங்க என்று சாதாரணமாகத்தான் கேட்டார்கள். "தொண்ணூறு... இல்ல, நூறு... ரசீதுல என்ன போட்டிருக்கோ அதான்" என்றான் இஞ்ஞாசி. பக்கத்தில் நின்ற செல்லப்பாண்டி போனைப் பிடுங்கி ஏதோ சமாளித்தான். அன்றோடு அவனை விலக்கி வைத்தார்கள்.

"ஒனக்கு இது வேண்டாம்லே. நீ போறதுமில்லாம எங்களயும் கூட்டிட்டுப் போயிருவ" என்றான் செல்லப்பாண்டி.

பொய்க்கு நல்ல ஞாபகசக்தி வேண்டும். இஞ்ஞாசிக்கு நேற்றுத் தின்ற குழம்பே ஞாபகம் இருக்காது. ஆக அவன் திருடாமல் இருந்தது திருடத் தெரியாததால்தான். ஆனால் ரெண்டு வருஷம் போனதும், தான் ஒரு நேர்மையான மனுஷன் என்று அவனுக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. மச்சினன் ஜாக்சன் வள்ளத்துக்கு நாலு கேன் டீசல் மலிவாகக் கேட்டபோது, "என் கார்டுல கறை படியாது" என்று கோயில் பிரசங்கம் மாதிரிச் சொன்னான். பொண்டாட்டி மரியசெல்வி ஒரு வாரம் பேசவில்லை. பலருடைய ஒழுக்கம் இப்படித்தான் உண்டாகிறதோ என்னவோ. வாய்ப்பு கைவிட்ட இடத்தில் கொள்கை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

போன சித்திரையில் அண்ணாச்சி பெங்களூரிலிருந்து ஒரு மென்பொருள் வாங்கினார். எந்த வண்டி எத்தனை லிட்டரில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அதுவே கணக்குப் போட்டுத் திரையில் காட்டும். ஒழுங்கான வண்டி பச்சை, சந்தேகமான வண்டி சிவப்பு. முதல் மாதம் முடிந்தபோது பதினோரு வண்டி லிட்டருக்கு ரெண்டு புள்ளி ஒன்பது என்று பச்சையாக மின்னியது. ஒரே ஒரு வண்டி மூன்று புள்ளி இரண்டு. அது சிவப்பு.

ஆபீஸிலிருந்து வரச்சொன்னபோது, மைலேஜில் தான்தான் முதல் என்று இஞ்ஞாசி கேள்விப்பட்டிருந்தான். அதிக மைலேஜ் எடுப்பவனுக்கு மாதம் ஊக்கப்படி உண்டென்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னான்.

"போட்டோ எடுப்பாவளோ?" என்று கேட்டாள் மரியசெல்வி.

"எடுத்தாலும் எடுப்பாவ. எதுக்கும் சவரம் பண்ணிட்டுப் போறேன்."

போட்டோ எடுக்கவில்லை. அண்ணாச்சி மேசைக்குப் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் ஷெர்லின். உப்பளத் தொழிலாளி மகள். வீட்டில் முதல் பட்டதாரி. சேர்ந்து எட்டு மாதம்.

"உக்காரும் ஓய்" என்றார் அண்ணாச்சி. "நூறு லிட்டர்ல மத்தவன்லாம் இருநூத்தித் தொண்ணூறு போறான். நீரு மட்டும் எப்படி முந்நூத்தி இருவது போறீரு?"

"மெதுவாப் போவேன் அண்ணாச்சி."

"மெதுவாப் போனா முப்பது கிலோமீட்டரா கூடும்? வண்டியில பாய்மரம் கட்டிருக்கீரோ?"

இஞ்ஞாசி சிரித்தான். பரிசு கொடுப்பதற்கு முன்னால் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தான். அண்ணாச்சி ஒரு தாளை எடுத்து நீட்டினார். பெங்களூர்க்காரன் அனுப்பிய அறிக்கை. ஷெர்லின் தமிழில் சொன்னாள்: இந்த வண்டிக்கு வெளியிலிருந்து டீசல் ஊற்றப்படுவதாகச் சந்தேகம்.

"உம்ம மச்சினன் வள்ளம் வச்சிருக்கான்லா? வள்ளத்துக்கு அரசாங்கம் மானிய டீசல் குடுக்குலா?" என்றார் அண்ணாச்சி. "அத மலிவா வாங்கி நம்ம டேங்குல ஊத்திட்டு, நல்ல மைலேஜுன்னு ஊக்கப்படி அடிக்கப் பாத்தீரு. மானிய டீசல லாரியில ஊத்துனா போலீஸ் கேஸு தெரியுமா?"

டேங்கிலிருந்து உறிஞ்சித் திருடியவர்களை இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. டேங்கில் ஊற்றித் திருடியவன் என்று ஒருத்தன் பிடிபட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. சவரம் பண்ணிய முகத்தை இஞ்ஞாசி ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அண்ணாச்சி கார்டை வாங்கி இழுப்பறையில் போட்டார். சனிக்கிழமைக்குள் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் லாரி ஓனர்மார் வாட்ஸ்அப் குழுவில் பெயரும் போட்டோவும் போய்விடும். அதற்கப்புறம் தூத்துக்குடியில் எவனும் இஞ்ஞாசிக்கு ஒரு தள்ளுவண்டி கூடத் தர மாட்டான். ஐம்பத்திரண்டு வயதில் மிச்சமிருப்பது ஜாக்சனின் வள்ளம்தான். அதை நினைத்ததுமே அவனுக்கு அந்த நாற்காலியிலேயே குமட்டியது.

"அண்ணாச்சி" என்றாள் ஷெர்லின். "டேங்க நிரப்பி, மூடிக்கு சீல் வச்சு, ஒரு தடவ மதுரைக்கு ஓட்டிப் பாத்திரலாமே. நானே கூடப் போறேன்."

அண்ணாச்சி சரி என்றார். மறுப்பதற்குக் காரணம் எதுவும் உடனே அகப்படவில்லை.

சேதி யார்டுக்கு வந்ததும் செல்லப்பாண்டி ஓடி வந்தான். வந்த வேகத்தில் ஒரு கால் செருப்பு வழியிலேயே கிடந்தது.

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா? சீல் வச்ச டேங்குல முந்நூத்தி இருவது வந்துச்சுன்னா, நாங்க பதினோரு பேரும் யாருலே?"

"எனக்கு வள்ளம் ஆவாதுடே" என்றான் இஞ்ஞாசி.

"அதுக்கு எங்க எல்லாரையும் கடல்ல தள்ளுவியா? நான் சொல்லுதத கேளு. கியர மாத்தாத. ஆக்சிலேட்டர நல்லா மிதி. வண்டிய கதறவிடு. ரெண்டு புள்ளி ஒம்போதுல கொண்டாந்து நிறுத்து."

"நிறுத்துனா நான் திருடன்னு ஆயிரும்லா?"

செல்லப்பாண்டி யோசித்தான். "ஆவும். ஆனா ஒருத்தன்தானே?" என்றான். அவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பழைய பேப்பர் ஏற்றிய பெட்டியோடு வண்டி கிளம்பியது. மடியில் நோட்டோடு ஷெர்லின். டேங்க் மூடியில் அண்ணாச்சியின் அரக்கு முத்திரை. புதூர்பாண்டியாபுரம் டோல்கேட் தாண்டியதும் இஞ்ஞாசிக்குச் செல்லப்பாண்டியின் முகம் ஞாபகம் வந்தது. அவனுக்கு மூன்று பெண்பிள்ளைகள். மனசு கேட்காமல் ஆக்சிலேட்டரை ஒருதரம் ஓங்கி மிதித்தான். வண்டி கத்தியது. அடுத்த நிமிஷம் கால் தானாகத் தளர்ந்துவிட்டது. முப்பது வருஷமாக ஒரே மாதிரி மிதித்த கால். அது செல்லப்பாண்டி பேச்சையும் கேட்கவில்லை, இஞ்ஞாசி பேச்சையும் கேட்கவில்லை.

எட்டயபுரம் விலக்கில் டீ குடித்தார்கள்.

"எண்ணு கூட்டத்த விட்டு விலகி நின்னா அது பிழைன்னு காலேஜ்ல படிச்சேண்ணே" என்றாள் ஷெர்லின். "கூட்டமே பிழையா இருந்தா என்ன செய்யணும்னு சொல்லித்தரல. சொல்லித்தந்து நான்தான் லீவு போட்டுட்டனோ என்னவோ."

"நீ போயி ஆபீஸ்ல என்ன பிள்ள சொல்லப் போற?"

"என்ன வருதோ அதச் சொல்லுவேன்." சொல்லிவிட்டு டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லணும்லா?" என்று அவனிடமே கேட்டாள். அவனுக்கு என்ன தெரியும்?

போக வர முந்நூறு கிலோமீட்டர். திரும்பி வந்து அண்ணாச்சி முன்னிலையில் சீலை உடைத்து நிரப்பினால் தொண்ணூற்று நான்கு லிட்டர் பிடித்தது. மூன்று புள்ளி இரண்டு.

ஷெர்லின் தாளை மேசையில் வைத்தாள். "பன்னெண்டு வண்டியும் ஒரே வருசம் வாங்குனது அண்ணாச்சி. ஓட்டுற ஆளுக்கு ஆளு கொஞ்சம் முன்னப்பின்ன வரணும். பதினோரு பேருக்கும் ஒரே எண்ணு எப்படி வரும்?"

அண்ணாச்சி வியாபாரி. சுட்டிக்காட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததை மறுபடியும் துடைத்தார்.

"கப்பல் என்னைக்கு வருது?"

"வியாழக்கிழமை."

"நமக்கு எத்தன பெட்டி?"

"நாப்பத்தி நாலு அண்ணாச்சி."

"பதினோரு பேரையும் வெளிய அனுப்பிட்டு நாப்பத்தி நாலு பெட்டிய யாரு எடுப்பா? டிரைவர் என்ன, கடைத்தெருவுல கூறு கட்டியா விக்கான்?" இழுப்பறையைத் திறந்து கார்டை எடுத்து இஞ்ஞாசியிடம் நீட்டினார். "நீரு திருடன் இல்ல ஓய். சந்தோஷம். கர்த்தருக்குத் தோத்திரம். ஆனா அந்தச் சிவப்பு எனக்கு ஆவாது. ஆடிட்டர் பாக்கான், பேங்க்காரன் பாக்கான். ஒத்த வண்டி நல்லா ஓடுனா மத்தது ஏன் ஓடலன்னு கேப்பான். அதனால, நீரும் ரெண்டு புள்ளி ஒம்போதுக்கு வந்து சேரும். அடுத்த மாசமும் சிவப்பா இருந்தா வண்டிச் சாவிய வச்சிட்டுப் போயிரும்."

"எப்படி அண்ணாச்சி வாரது?"

"எப்படின்னு எங்கிட்ட கேக்காதேயும். நான் சபையில சேகரக் கமிட்டியில இருக்கேன்."

இஞ்ஞாசி ஷெர்லினைப் பார்த்தான். அவள் கீபோர்டில் ஏதோ தூசி இருப்பதுபோல் ஊதிக்கொண்டிருந்தாள்.

அவன் செல்லப்பாண்டியிடம் போய்த் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டான். மானத்தை விட்டுத்தான் கேட்டான். பதினோரு பேரும் கூடிப் பேசினார்கள். ஒரு போன் வந்தால் போதும், இவன் உளறி எல்லோரையும் உள்ளே வைத்துவிடுவான் என்று ஒருமனதாக மறுத்துவிட்டார்கள். திருட்டிலும் தகுதி பார்க்கிற காலம்.

ஆக நூறு லிட்டருக்குப் பத்து லிட்டர் காணாமல் போயாக வேண்டும். அதை எடுக்கவும் தெரியாது, விற்கவும் தெரியாது. இஞ்ஞாசி ரெண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். துறைமுக வாசலில் பெட்டி எடுக்க மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். மற்றவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு லாரி நிழலில் துண்டை விரிப்பார்கள். இஞ்ஞாசி அணைக்கவில்லை. புது வண்டி, கேபினில் ஏசி உண்டு. நிற்கும்போது போடக் கூடாது என்பது கம்பெனி விதி. அதையும் போட்டான். கண்ணாடியை ஏற்றிவிட்டு, டேங்க் முள் இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"காத்துல விடுறத எந்தம்பி வள்ளத்துல விட்டிருந்தா நாலு மீனாவது வந்திருக்கும்" என்றாள் மரியசெல்வி. மாதக் கடைசியில் திரையில் பன்னிரண்டு வண்டியும் பச்சை. அண்ணாச்சி எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். ஊக்கப்படி யாருக்கும் இல்லை.

அடுத்த கப்பல் வந்த அன்று உச்சி வெயிலில் செல்லப்பாண்டி கேபின் கதவைத் திறந்துகொண்டு ஏறினான்.

"ஏலே, என்னலே பண்ணுத? மூணு மணி நேரமா எஞ்சின் ஓடுது?"

"பத்து லிட்டர் தீக்கணும்லா."

செல்லப்பாண்டிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நிஜமாகவே கோபம் வந்தது.

"பாவிப்பய. நாங்க எடுத்தா அது ஒரு வீட்டுக்கு அரிசியாவாவது போவுது. நீ பொகையா வுடுதியே, இது அநியாயமா இல்ல?"

இஞ்ஞாசி யோசித்தான். அநியாயமாகத்தான் தெரிந்தது. இருந்தாலும், "திருட்டு இல்லலா?" என்றான்.

செல்லப்பாண்டி குளிர் வெளியே போகாதபடி கதவை இழுத்துச் சாத்தினான். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை டேஷ்போர்டில் நீட்டிக்கொண்டான்.

"எத்தன லிட்டர் ஆச்சு?"

"ஏழு."

"இன்னும் மூணு கெடக்கு. ஏசியக் கூட்டுலே."