பஸ்ஸிலேயே போடா என்றேன்

எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளியூர்ல யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்கம்மா" என்றார். தம்பி வியட்நாமில் ஒரு செருப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். கிடைத்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் விடிகாலையில் கிளம்பிவிட்டான். பாங்காக்கில் இறங்கி வேறு விமானம் பிடித்து சென்னைக்கு வரவேண்டும்.

அவன் வாட்ஸப்பில் அனுப்பிய டிக்கெட்டை வார்டு வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். இறங்குகிற விமான நிலையம் ஒன்று, ஏறுகிற விமான நிலையம் வேறு. ஒரே ஊரின் இரண்டு ஓரங்களில் இருந்தன. அதற்குள் அவன் ஏறிவிட்டிருந்தான்.

இறங்கியதும் கூப்பிட்டான். "அக்கா, பிளேன் இங்க இல்லியாம். இன்னொரு ஏர்போர்ட்டுக்குப் போணுமாம். இன்னா பண்றது?"

"எவ்ளோ நேரம் கீது?"

"நாலு மணி நேரம்."

பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி வெளியே வருவதற்கே ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றான். நான் செல்போனில் வழி தேடினேன். ரயில் என்றால் மூன்று வண்டி மாற வேண்டும். பஸ் என்றால் நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடும். விமான டிக்கெட்டைக் காட்டினால் போதும், காசுகூட வேண்டாம். நான் திருநின்றவூரிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவள். அவசரத்துக்கு பஸ்ஸை நம்பவே மாட்டேன். ஆனால் அழுதுகொண்டே பேசுகிறவனை, மொழி தெரியாத ஊரில் மூன்று ரயில் மாறச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"பஸ்ஸுலயே போடா. ஏறி உக்காந்தா போதும்" என்றேன்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. "வண்டி நின்னுக்கினே கீதுக்கா" என்றான். தான் இருக்கும் இடத்தை எனக்கு அனுப்பினான். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. அது ஒரு மேம்பாலத்தின் மேல் அசையாமல் இருந்தது.

நைனா ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, "எங்க கீறான்?" என்று கேட்டார்.

"பிளேன் ஏறிட்டான் நைனா. சாயந்திரம் வந்துடுவான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்து மறுபடி போனைப் பார்த்தேன். புள்ளி அதே பாலத்தில்தான் இருந்தது.

அடுத்து அவன் கூப்பிட்டபோது மூச்சு வாங்கியது. "கவுண்டர மூடிட்டாங்கக்கா. பிளேன் இன்னும் கிளம்பல. உட மாட்றாங்க. அந்தப் பொண்ணு என்னைப் பாவமாப் பாக்குது, ஆனா இல்லன்னு தலைய ஆட்டுது." இனி மறுநாள் அதே நேரத்துக்குத்தான் விமானம்.

அன்று சாயங்காலம் நைனா போய்விட்டார். தம்பி அங்கே தரையில் பையை வைத்து உட்கார்ந்திருந்தான். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். அவனுக்குப் பின்னால் யாரோ ஒலிபெருக்கியில் எனக்குப் புரியாத மொழியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

கவரைப்பேட்டையில் நைனா வீட்டில் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். மறுநாள், "பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்மா, இதுக்கு மேல தாங்காது" என்றார் சித்தப்பா. தம்பி சென்னையில் இறங்கி மெட்ரோவில் வந்துகொண்டிருந்தபோது இங்கே தூக்கிவிட்டார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

அவன் வந்து சேர்ந்தபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்து காலி இடத்தைப் பார்த்தான். பையைக்கூட இறக்கவில்லை.

"ரயில்ல போயிருந்தா புடிச்சிருப்பேன், இல்லக்கா?"

புடிச்சிருப்பான். ரயில் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். "தெரியலடா" என்றேன்.

காரியம் வரை இருக்க லீவு கிடைக்கவில்லை. ஒன்பதாம் நாளே கிளம்பினான். சென்ட்ரல் வரை கூடப் போனேன். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மெட்ரோவுக்கு இறங்குகிற படிக்கட்டில் நின்று, "நீ போக்கா, ஆபீசுக்கு லேட்டாவுது" என்றான்.

நான் போனேன்.