இரண்டு வாசல் வைத்த ஸ்ட்ரா வீடு

1. ஃபினிஷிங்

ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் விருந்தினர் குழந்தைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கும் வேலையில் பதினோரு வருடம் இருந்தேன். ஸ்ட்ராவில் வீடு, விசிறி, மாலை, ஊதல். பிளாஸ்டிக் கூடாது என்பதால் எல்லாம் காகித ஸ்ட்ரா. பனிமூட்டம் இறங்கினால் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும். காலையில் கிளியூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து வந்ததும் அவற்றைச் சமையலறை அடுப்போரம் காயவைப்பதுதான் என் முதல் வேலை.

சேர்ந்த அன்றே மேனேஜர் சொல்லிவிட்டார்: "ஏனுங்க அக்கா, கொழந்தைங்க செய்யறது கோணல்மாணலாத்தான் இருக்கும். அவங்க சாப்பிடப் போனதும் நீங்க ஃபினிஷிங் குடுத்து வெச்சுருங்க. பெத்தவங்க பார்த்தா நொம்ப சந்தோசப்படணும்."

ஃபினிஷிங் என்றால், குழந்தை செய்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு நானே புதிதாகச் செய்வது. பெயர்ச்சீட்டு மட்டும் குழந்தையுடையது. பெற்றோர் பூரித்துப்போய் போட்டோ எடுப்பார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

2. பின்வாசல்

ஒரு மே மாதம் சென்னையிலிருந்து அம்மாவோடு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். மற்ற பிள்ளைகள் ஆளுக்கு நாலு சாமான் செய்து முடித்தார்கள். அவள் யாரோடும் பேசாமல் இரண்டு நாளும் ஒரே வீட்டைக் கட்டினாள். சுவர் சாய்ந்திருந்தது, பசை வழிந்திருந்தது. முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல்.

"கண்ணு, இத்தனூண்டு ஊட்டுக்கு எதுக்கு ரெண்டு வாசல்?" என்று கேட்டேன். பதில் இல்லை. தெரியாமல் வெட்டிவிட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அவர்கள் கிளம்பும் நாள் அவள் சாப்பிடப் போனதும் புது வீடு கட்டினேன். ஒரே வாசல், சிவப்புக் கூரை, சுற்றிலும் வேலி. அவளுடையது குப்பைத்தொட்டிக்குப் போனது.

திரும்பி வந்தவள் வீட்டைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தாள்.

"ஆண்ட்டி, அப்பா வர்ற வாசல் எங்க?"

"முன்னாலயே வரட்டும் சாமி."

"அங்க அம்மா இருப்பாங்க. சண்டை வரும்."

பக்கத்தில் நின்ற அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "நாங்க பிரியப்போறோம்," என்றார் என்னிடம் மெல்ல. "அவகிட்ட இன்னும் சொல்லவே இல்ல."

குப்பைத்தொட்டிக்கு ஓடினேன். ஈர டீத்தூளில் அந்த வீடு கூழாகிக் கிடந்தது. திரும்பி வந்து, நான் கட்டிய வீட்டிலேயே இன்னொரு வாசல் வெட்டித்தருகிறேன் என்று அவளிடம் கெஞ்சினேன்.

"நீங்க செஞ்சா வேணாம்," என்றாள். வீட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

3. கண்ணாடி அலமாரி

அவள் விட்டுப்போன அந்த வீட்டை மேனேஜர் வரவேற்பறை அலமாரியில் வைத்தார். "இதுதானுங்க ஃபினிஷிங்!" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைவிட என்மேல்தான் ஆத்திரம்.

மறுநாளிலிருந்து நான் யாருடையதையும் தொடவில்லை. விருந்தினர்கள் முகம் சுளித்தார்கள். என்னைப் படுக்கைவிரிப்பு மடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். என் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு அலமாரியில் இருந்த அந்த வீட்டையே மாதிரியாகக் காட்டினார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குழந்தை செய்தது எதற்கு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். நானும் கேட்டேன், ஒரே ஒரு தடவை. அவள் பேசவில்லை என்றதும் கத்தரியை எடுத்துவிட்டேன்.