மழைக்காக அழுதவள்

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில் கோலார் தங்கவயலின் கூலி லைன்கள் என்னும் குடிசை வரிசைகளில் சம்பங்கியைப் போல ஒப்பாரி வைக்கத் தெரிந்தவள் வேறொருத்தி இல்லை. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். குடியாத்தம் பக்கத்திலிருந்து புருஷன் காத்தவராயனோடு பிழைக்க வந்தவள். பெற்ற மூன்று குழந்தைகளையும் வாந்திபேதிக்குக் கொடுத்துவிட்ட அந்தப் பாவிக்கு அவன் ஒருவன்தான் மிச்சம். அவன் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழிக்குள் இறங்கிப் பாறை உடைப்பான்; அவள் மேலே பொன் கல்லையும் வெறும் கல்லையும் பிரித்துப் பொறுக்குவாள்.

அந்த மேட்டு நிலத்தில் புரட்டாசி மாதம் இதமானது. விடியலில் பனி மூட்டம், பகலில் உறைக்காத வெயில், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பாட்டம் மழை, அதன் பிறகு கம்பளியைத் தேட வைக்கும் குளிர்காற்று. ஆனால் அந்த ஆண்டு புரட்டாசி, சித்திரையாக எரிந்தது. மூங்கில் தட்டிச் சுவர்களில் பூசிய மண் பொரிந்து உதிர்ந்தது. லைன் கிணற்றில் ஒரு குடம் சேந்த அரை நாள் ஆயிற்று. பச்சைக் குழந்தைகள் நாக்கு வறண்டு அழுதன.

கடைசியில் கொடும்பாவி கட்டினார்கள். எவனோ ஒரு மகாபாவி செய்த பாவத்தால்தான் மழை நின்றுவிட்டது என்று நம்பி, அவனைப் போல வைக்கோலில் ஓர் உருவம் செய்து, மூன்று நாள் தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, பிறகு சுடுகாட்டில் கொளுத்துவது ஊரிலிருந்து அவர்கள் கொண்டுவந்த வழக்கம். அந்தப் பாவிக்குப் பெண்டாட்டியாக முன்னால் நின்று அழச் சம்பங்கியைத்தான் பிடித்தார்கள்.

காத்தவராயனுக்கு ஒரே சிரிப்பு.

“நான் குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீறேன். நீ எவனோ வைக்கோல் பொம்மைக்குத் தாலி அறுத்தவளாட்டம் அழுவுறியே, இது நாயமாமே?”

“உனக்கு அழ இப்ப நேரமில்லய்யா. கெழவனானப்புறம் பாத்துக்கலாம், போ.”

மூன்றாம் நாள் காலை அவன் முதல் ஷிப்டுக்குப் போனான். அவள் சுடுகாட்டுக்குப் போனாள். அவள் அழுத அழுகையில் மாட்டுக்காரக் கன்னடப் பெண்கள்கூட, பாஷை புரியாமலே, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

உச்சிப் பொழுதில் காற்று திரும்பிற்று. கிழக்கே வானம் இருண்டது. முதல் துளிகள் புழுதியில் விழுந்ததும் லைனே தெருவுக்கு ஓடி வந்தது. “உன்னாலதான்டி வந்துச்சு!” என்று பெண்கள் சம்பங்கியைக் கட்டிக்கொண்டு கூத்தாடினார்கள். அவளும் ஆடினாள். ஐயோ, அவளும்தான் ஆடினாள்!

அது ஒரு பாட்டத்தோடு நிற்கிற மழையாக இல்லை. எந்தக் காலத்து மனிதர்களோ பொன் தேடித் தோண்டிவிட்டுப் போன பழங்குழி ஒன்று சுரங்கத்துக்கு மேலே கிடந்தது. ஓடிவந்த வெள்ளமெல்லாம் அதில் நிரம்பி, அடி பிளந்து, ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த லெவல் என்னும் சுரங்கப் பாதைக்குள் இடிந்து விழுந்தது. ஆட்களை ஏற்றிவரும் கேஜ் கூண்டு ஏறி ஏறி இறங்கியது. கடைசி நடை காலியாக வந்தது. நான்கு பேர் வரவில்லை. அதில் ஒருவன் காத்தவராயன்.

மேஸ்திரி மாணிக்கராஜ், கீழே அந்த லெவல்வரை இறங்கும் பழைய பம்புக் குழாயில் காதை வைத்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

“ஏசப்பா! கீறாங்க! மேட்டுப் பொடவுப் பொந்துல ஏறி ஒக்காந்துக்கினு தட்றானுங்க. நாலு தட்டு. ஆளுக்கு ஒண்ணு.”

சம்பங்கி அவர் காலில் விழுந்தாள். “எப்ப சாமி மேல வருவாங்க?”

“பம்பு நிக்காம எறைக்குதும்மா. ஆனா எறைக்கிற அளவு மேலேருந்து வருது. மழ நின்னா பம்பு ஜெயிக்கும். நிக்காட்டி…”

அவள் லைனுக்கு ஓடினாள். ஒவ்வொரு கூரை இறவாணத்துக்கு அடியிலும் குடமும் சட்டியும் வரிசையாக நிரம்பிக்கொண்டிருந்தன.

“யக்கா, எல்லாரும் வாங்க! அழுது கூப்ட்டோமே, இப்ப போன்னு சொல்லி அழலாம் வாங்க. என் புருசன் உள்ள மாட்டிக்கினு கீறான்!”

ஒருத்தியும் நகரவில்லை. அடுத்த வீட்டு வெங்கடம்மா இடுப்புக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“வந்த மழைய வெரட்டச் சொல்றியா? என் புள்ள இன்னிக்கித்தான் வயிறு ரொம்பத் தண்ணி குடிச்சான்.”

“ஒரே ஒரு நாளு நின்னாப் போதும், யக்கா.”

“கோச்சிக்கினு போனா அது எப்ப வருமோ? உனக்கு ஒருத்தன்டி. இங்க லைனே கீது.” இதைச் சொல்லும்போது வெங்கடம்மாவும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

கொள்ளிக்கட்டையை வானத்துக்குக் காட்டினால் மழை நிற்கும் என்பார்கள். சம்பங்கி தன் அடுப்பிலிருந்து ஒரு கட்டையை உருவிக்கொண்டு தெருவுக்கு வந்து தூக்கிப் பிடித்தாள். அது புஸ்ஸென்று அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதை எடுக்க உள்ளே போனபோது, ஒழுகின கூரைக்கு அடியில் அடுப்பே அவிந்து கிடந்தது. நெருப்புத் தர ஒரு வீடும் கதவு திறக்கவில்லை.

அவள் பம்புக் குழாயடிக்கே திரும்பிவிட்டாள். மறுநாள் முழுதும் மழை. குழாயில் காதை வைத்தபடி கிடந்தாள். நான்கு தட்டு வரும். ஒரு கல்லால் இவளும் பதிலுக்குத் தட்டுவாள். சாயங்காலம் மூன்றுதான் வந்தது. அந்த மூன்றில் அவன் இருக்கிறானா? இரும்புக்குப் பெயர் சொல்லத் தெரியுமா! அடுத்த நாள் விடியலில் இரண்டு. மற்ற மூன்று பெண்டாட்டிகளும் அவளோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. தன் புருஷன் அந்த இரண்டில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியும் வேண்டிக்கொள்ளும்போது, அது யாருக்கு எதிரான வேண்டுதல் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மழை பிடித்த நான்காம் நாள் காலை ஒரே ஒரு தட்டு. மெல்ல, நீண்ட இடைவெளி விட்டு. உச்சிப் பொழுதுக்குள் அதுவும் நின்றது.

அன்று மூன்று மணிக்கு மழை விட்டது. மேகம் விலகி, உறைக்காத நல்ல புரட்டாசி வெயில் அடித்தது. “தண்ணி எறங்குதும்மா, ஒரு அடி எறங்கிடுச்சி!” என்று மாணிக்கராஜ் ஓடி வந்தார். சம்பங்கி கல்லை எடுத்துத் தட்டினாள். காதை வைத்தாள். மறுபடி தட்டினாள். இருட்டும்வரை தட்டிக்கொண்டே இருந்தாள். அவளைப் பிரித்து எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

பதினோராம் நாள்தான் ஆட்கள் அந்தப் பொடவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாணிக்கராஜ் மேலே வந்து தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு அவள் எதிரில் குந்தினார்.

“தண்ணி அவங்க மேல படவேயில்லம்மா. ஒரு முழம் கீழயே நின்னுட்டிருக்கு. வழிய அடைச்சிக்கிச்சி, மூச்சு முட்டித்தான்… மூணு பேரையும் நேராப் படுக்க வெச்சி மூஞ்சிய மூடி வெச்சிருந்தான் உன் வூட்டுக்காரன். அவன் மட்டும் குழாய்கிட்ட ஒக்காந்திருந்தான்.”

“அப்ப அந்த ஒத்தத் தட்டு?”

“அவன்தான்.”

“நான் தட்டினது அவனுக்குக் கேட்டிருக்குமா, சாமி?”

மேஸ்திரி தலைப்பாகையை எடுத்துக்கொண்டு எழுந்து, மற்ற மூன்று பெண்டாட்டிகளிடம் போனார்.

காரியம் முடிந்து சம்பங்கி வேலைக்குத் திரும்பினாள். வேறு என்ன செய்வாள்? ஊரில் அவளுக்கு நிலமும் இல்லை, நாதியும் இல்லை. அந்த மாதம் முழுதும் மேலே வந்த கல்லெல்லாம் அதே லெவலிலிருந்துதான் வந்தது. ஈரம் காயாமலே வந்தது. பொறுக்கத் தலையைக் குனிந்தவள், இருபத்தெட்டு வருஷம் அங்கேயே பொறுக்கினாள்.