காலருக்குள் தைத்த கயிறு

எங்க தையல் கடையில அவளுக்குக் காஜாக்கான்னுதான் பேரு. பொத்தான் ஓட்டைக்கு அவ காஜா எடுத்தா, சட்டை கிழிஞ்சாலும் ஓட்டை கிழியாது. வாய் மட்டும் சும்மா இருக்காது. பக்கத்து மெஷின்ல உக்காந்து பதினோரு வருஷமா வாங்கிக் கட்டிக்கிட்டவ நான், எனக்குத் தெரியாதா?

சண்டை ஆரம்பிச்சதும் பிரார்த்தனைக் கூடத்து ஐயா, போருக்குப் போற பசங்களுக்கெல்லாம் மந்திரிச்ச கயிறு கொடுத்தார். "இது இருக்கிற உடம்பைக் குண்டு தொடாது"ன்னார். பட்டாளத்துல கையில கயிறு கட்டக் கூடாதாம். அதனால காஜாக்காதான் ஒவ்வொரு சட்டைக் காலரையும் பிரிச்சு, உள்ள வெச்சுத் தைச்சா. அவ மகன் சட்டையிலயும் அப்படித்தான்.

முதல்ல செத்தது ரொட்டிக்கடைக்காரர் மகன். துக்கத்துக்கு வந்த ஐயா, "நம்பிக்கை இல்லாம கயிறை எடுத்துப் போட்டிருப்பான்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அதைக் கேட்டுப் பெத்தவ அழுத அழுகை இருக்கே, ஐயோ! அப்புறம் அவன் சட்டை வந்து சேர்ந்துச்சு. பெத்தவ கேட்டுக்கிட்டதால காஜாக்கா காலரைப் பிரிச்சா. கயிறு வெச்ச இடத்துலயே இருந்துச்சு. சட்டையைக் கொண்டுவந்த சிப்பாய், "நாங்க எல்லாரும் படுத்துட்டோம். எனக்குக் காப்பு இருக்குன்னு அவன் மட்டும் நின்னான்"னு சொன்னான்.

காஜாக்கா உடனே மகனுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, "குண்டு வந்தா படுத்துக்கோடா"ன்னு கெஞ்சினா. "ஐயா சொல்லட்டும்மா, அப்புறம் பாக்கலாம்"னு சிரிச்சான் அந்தக் கழுதை.

வாரப் பிரார்த்தனை, கூட்டம் நெரியுது. காஜாக்கா நேரா போய் மேடையில அந்தச் சட்டையைப் போட்டா. ஐயா கயிறைத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளிறிப் போச்சு. எனக்கு அவர் மேல கொள்ளைக் கோபம், ஆனா அந்த முகத்தைப் பார்த்தப்போ பாவமாவும் இருந்துச்சு.

"நான் என்னம்மா செய்யணும்?"

"மன்னிப்பெல்லாம் அப்புறம். என் புள்ளைகிட்டச் சொல்லுங்க. மைக்குப் பக்கத்துல வெச்சே சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்." மகனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கர்ல வெச்சுப் போனை நீட்டினா.

ஐயா போனை வாங்கி மைக்குப் பக்கத்துல வெச்சார். "தம்பி, கயிறு காப்பாத்தாது. நான் தப்பா சொல்லிட்டேன். குண்டு வந்தா படுத்துக்கோப்பா."

காஜாக்கா மகன் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டுச்சு: "அப்போ ரொட்டிக்கடைக்காரர் மகன் உங்களை நம்பித்தானே ஐயா நின்னான்?"

செத்தவனோட அம்மா முதல் வரிசையில உக்காந்திருந்தா. ஐயா அவளைப் பார்த்துக்கிட்டே, "ஆமாப்பா, என்னை நம்பித்தான் நின்னான்"னார்.